இரண்டு டேங்குக்கு ஒரு முள்

அமெரிக்காவில் டெக்சாஸ், மொன்டானா போன்ற பரந்த மாநிலங்களில் பண்ணைக்காரருக்கும் கட்டட வேலைக்காரருக்கும் பிக்கப் லாரி இல்லாமல் பிழைப்பு நடக்காது. ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசை லாரிகள் 1948 முதல் அந்த வேலையைச் செய்துவருகின்றன. நாட்டுப்புறத்தில் ஒரு பெட்ரோல் பங்குக்கும் அடுத்த பங்குக்கும் இடையே தூரம் அதிகம். 7.5 லிட்டர் வி-8 எஞ்சின் பூட்டிய லாரிக்கோ பெட்ரோல் பசி அதிகம்; காலனுக்குப் பத்து மைல் கிடைத்தாலே நல்லது, அதாவது லிட்டருக்கு நாலே கால் கிலோமீட்டர். ஆகவே 1980-களிலும் 1990-களின் நடுப்பகுதி வரையிலும் வந்த எஃப்-150, எஃப்-250, எஃப்-350 லாரிகள் பலவற்றில் இரண்டு டேங்க் வைத்தார்கள். சேஸிஸின் நடுவில் ஒன்று, பின் அச்சுக்குப் பின்னால் ஒன்று. பெரிய வண்டிகளில் இரண்டும் சேர்ந்து 37 காலன், ஏறக்குறைய 140 லிட்டர் கொள்ளும். எந்த டேங்கிலிருந்து ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்க டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆனால் அளவு காட்டும் முள் ஒன்றே ஒன்றுதான். சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்த டேங்கின் அளவை அது காட்டும்.

இந்த லாரிகளில் பல இன்றும் வேலை செய்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, பெட்ரோல் முள்ளை நம்ப முடியவில்லை என்பது. பாதி டேங்க் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிடும்; நிரப்பிய டேங்கைக் காலி என்று காட்டும்; முன் டேங்கில் ஒழுங்காக இருந்த முள், பின் டேங்குக்கு மாற்றியதும் அசையாமல் கிடக்கும். இதற்கு வழக்கமாக இரண்டு யோசனைகள் கிடைக்கும். முள்ளை மறந்துவிட்டு, ஓடிய தூரத்தை வைத்துக் கணக்குப் போடு என்பது ஒன்று. டேங்கை இறக்கி உள்ளே இருக்கும் யூனிட்டை மாற்று என்பது மற்றொன்று. முதலாவது ஓட்டுநரை ஒற்றைக் கணக்கின் தயவில் விட்டுவிடுகிறது. இரண்டாவது, பழுது எங்கே என்று பார்க்காமலே பணத்தைச் செலவழிக்க வைக்கிறது. பழுதான முள் கண்டபடி பொய் சொல்வதில்லை. எந்தப் பக்கமாகத் தவறுகிறது, எப்போது தவறுகிறது என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. இரண்டு டேங்க் உள்ள வண்டியில் அந்த ஒழுங்கைக் கண்டுபிடிப்பது ஒற்றை டேங்க் வண்டியைவிட எளிது. அதைக் கண்டுபிடித்த பிறகுதான் எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

துரு ஏறினால் முள்ளும் ஏறும்

முள்ளின் வேலை எளிமையானது. டேங்குக்குள் ஒரு மிதவை, அதைத் தாங்கும் ஒரு தண்டு. பெட்ரோல் ஏறி இறங்கும்போது மிதவையும் தண்டும் ஏறி இறங்குகின்றன. தண்டின் மறுமுனையில் ஒரு மெல்லிய தொடுமுனை மின்தடைப் பட்டை ஒன்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. அது நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்தடை கூடும் அல்லது குறையும். இந்த முழு அமைப்பையும் மெக்கானிக்குகள் டேங்க் யூனிட் என்பார்கள். அங்கிருந்து ஒரு வயர் சுவிட்ச் வழியாக டேஷ்போர்டில் இருக்கும் கேஜுக்குப் போகிறது. மறுபக்கம் எர்த் வழியாகச் சுற்று முழுமையாகிறது. கேஜுக்குப் பெட்ரோலைப் பற்றி எதுவும் தெரியாது. தன் வழியாக ஓடும் மின்சாரத்தின் அளவு மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே வழியில் எங்கே எது கெட்டாலும், பெட்ரோலின் அளவு மாறிவிட்டதாகவே அது எடுத்துக்கொள்ளும்.

இங்கே ஓர் ஆண்டு முக்கியமாகிறது. 1986 வரை வந்த ஃபோர்டு லாரிகளில் டேங்க் நிரம்பியிருந்தால் மின்தடை சுமார் 10 ஓம். காலியானால் சுமார் 73 ஓம். 1987-ல் லாரியின் வடிவத்தைப் புதுப்பித்தபோது கேஜையும் மாற்றினார்கள், கணக்கு தலைகீழானது. புதிய அமைப்பில் காலிக்குச் சுமார் 16 ஓம், நிறைவுக்குச் சுமார் 158 ஓம். ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1987 வரை விற்ற சி/கே வரிசைப் பிக்கப்களிலும் இரட்டை டேங்க் உண்டு. அங்கே காலி என்றால் 0, நிறைவு என்றால் 90 ஓம். பார்ப்பதற்கு இவை வெறும் எண்கள். ஆனால் வயர் ஒன்று அறுந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். அறுந்த வயர் என்பது எல்லையற்ற மின்தடை. பழைய ஃபோர்டில் கூடுதல் தடைக்குப் பொருள் காலி; முள் கீழே விழுந்துவிடும், ஓட்டுநர் பதறிப்போய்ப் பங்குக்குப் போவார், அங்கே டேங்கில் பெட்ரோல் இருப்பது தெரியவரும். 1987-க்குப் பிந்தைய ஃபோர்டிலும் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியிலும் கூடுதல் தடைக்குப் பொருள் நிறைவு. அறுந்த வயர் அங்கே டேங்க் நிரம்பியிருக்கிறது என்று சொல்லும். ஓட்டுநர் நிம்மதியாக ஆளில்லாத சாலையில் போய் நின்றுவிடுவார்.

வயர் முழுதாக அறுவது அரிது. இணைப்பில் பச்சை பூப்பது, எர்த் போல்ட்டில் துரு பிடிப்பது, தொடுமுனை தேய்வது போன்றவைதான் அதிகம். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் சேஸிஸுக்கு அடியில் இருக்கும் எந்த இணைப்பும் நீண்ட காலம் சுத்தமாக இருக்காது. இவை எல்லாமே மின்தடையைக் கூட்டுபவை. ஆகவே 1987-க்குப் பிந்தைய வண்டியில் துரு ஏற ஏற முள்ளும் ஏறும். வண்டி மூப்படைய மூப்படைய இல்லாத பெட்ரோலை இருப்பதாகக் காட்டும். 2004 மே மாதத்தில் புளோரிடா, லூசியானா பகுதிகளில் கந்தகம் அதிகமான பெட்ரோல் விற்பனைக்கு வந்துவிட்டது. டேங்க் யூனிட்களில் இருந்த வெள்ளித் தொடுமுனைகளில் கந்தகம் படிந்து மின்சாரம் சரியாகப் பாயாமல் தடுத்தது. காலியான டேங்கை நிரம்பியதாகக் காட்டிய வண்டிகள் ஒர்க்‌ஷாப்களுக்கு வந்து சேர்ந்தன. காரணம் வேறாக இருந்தாலும் தவறு போன திசை ஒன்றுதான். ஆகவே முள்ளை நம்பலாமா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: என் வண்டியின் கேஜ் கெட்டால் எந்தப் பக்கம் சாயும்? அது தெரிந்தவருக்குக் கெட்ட முள்கூட ஒரு தகவல் தருகிறது. 1987-க்குப் பிந்தைய வண்டியில் மெல்ல மெல்ல உயரும் அளவைச் சந்தேகிக்க வேண்டும். திடீரென்று காலிக்கு விழுந்தால் வயர் எங்கோ உரசி எர்த் ஆகிறதா, மிதவை ஓட்டையாகி முழுகிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது டேங்க் என்னும் சாட்சி

ஒற்றை டேங்க் வண்டியில் முள் தவறினால் யூனிட், வயர், எர்த், கேஜ் ஆகிய நான்கையுமே சந்தேகிக்க வேண்டும். ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. இரட்டை டேங்க் வண்டியில் இரண்டு யூனிட்கள், இரண்டு வயர்கள் தனித்தனியாக வந்து சுவிட்சில் சேர்கின்றன. அங்கிருந்து ஒரே வழியாகக் கேஜுக்குப் போகின்றன. இந்த அமைப்பே ஒரு சோதனைக் கருவி. முன் டேங்கில் சரியாகவும் பின் டேங்கில் தவறாகவும் காட்டினால், கேஜ் குற்றமற்றது. பழுது பின் டேங்கின் தனி வழியிலோ சுவிட்சின் அந்தப் பக்கத்திலோதான் இருக்கிறது. இரண்டு டேங்கிலும் ஒரே மாதிரி தவறினால், இரண்டு யூனிட்களும் ஒரே நேரத்தில் ஒரே விதமாகக் கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு. பழுது பொதுவான பகுதியில் இருக்கிறது. இதைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு டேங்கையும் நிரப்பிவிட்டுச் சுவிட்சை இரண்டு பக்கமும் மாற்றி முள்ளைப் பார்த்தால் போதும். பாதியளவு குறைந்த பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். இரண்டு யூனிட்களும் ஒரே வயதுடையவை, ஒரே பெட்ரோலில் ஊறியவை, ஒரே உப்பைத் தின்றவை. இரண்டும் சேர்ந்து கெட்டுப்போகக் கூடாதா? கூடும். ஆனால் தனித்தனியாகத் தேய்ந்த இரண்டு பாகங்கள் ஒரே அளவுக்குத் தவறுவது அரிது. ஒன்று கால் டேங்க் கூட்டிக் காட்டினால், மற்றொன்று பாதியில் சிக்கி நிற்கும். தவறு இரண்டிலும் ஒரே அளவாக, ஒரே திசையில் இருந்தால் பொதுப் பகுதியைப் பார்க்க வேண்டும். தவறுகள் வெவ்வேறு குணம் காட்டினால் இரண்டு தனிப் பழுதுகள் என்று எண்ண வேண்டும். பொதுவான எர்த் வயர் ஒன்று இரண்டு டேங்குக்கும் இருந்தால் அதுவும் பொதுப் பகுதிதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பின் சக்கரத்துக்கு அருகே துருப்பிடித்த ஒரே ஒரு எர்த் இணைப்பு இரண்டு டேங்கையும் கெடுத்துக் காட்டும்.

பொதுப் பகுதியிலும் சாட்சிகள் உண்டு. 1986 வரையிலான ஃபோர்டு லாரிகளில் கேஜ்களுக்குச் சராசரியாக 5 வோல்ட் தரும் சிறிய ரெகுலேட்டர் ஒன்று இருந்தது. பெட்ரோல் முள், வெப்ப முள், ஆயில் முள் மூன்றும் அதையே நம்பியிருந்தன. பெட்ரோல் முள் இரண்டு டேங்கிலும் உயர்த்திக் காட்ட, வெப்ப முள்ளும் வழக்கத்தைவிட உயர்ந்து நின்றால், டேங்குக்குள் எதுவும் கெடவில்லை, கெட்டது ரெகுலேட்டர். 1987-க்குப் பிந்தைய வண்டிகளில் அதற்குப் பதிலாக வேறொரு பாகம் வந்தது. மேடு பள்ளத்தில் பெட்ரோல் தளும்பும்போது முள் ஆடாதிருக்க, கேஜுக்குப் பின்னால் ஒரு சிறிய எலெக்ட்ரானிக் அட்டை வைத்தார்கள். முள் இடம் விட்டு இடம் தாவுவதற்கும் ஒரே இடத்தில் நின்றுவிடுவதற்கும் இந்த அட்டையின் பழுது பல வண்டிகளில் காரணமாக இருந்திருக்கிறது. இரண்டு டேங்கிலும் முள் காரணமின்றித் தாவினால், டேங்கை இறக்குவதற்கு முன் டேஷ்போர்டைத் திறந்து இந்த அட்டையைப் பார்ப்பதுதான் முறை.

தனி வழியில்தான் பழுது என்று தெரிந்தால் அடுத்த சோதனையும் எளியதே. 1987-க்குப் பிந்தைய வண்டியில் டேங்க் யூனிட்டின் இணைப்பைப் பிரித்தால் முள் நிறைவைத் தாண்டிப் போக வேண்டும். அந்த வயரை எர்த்தில் தொட்டால் காலிக்கு இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் சுவிட்சும் கேஜும் நலமே. பழுது யூனிட்டிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது. பழைய வகையில் வயரை நேராக எர்த்தில் தொடக் கூடாது, கேஜின் சூடேற்றும் கம்பி பழுதாகலாம். 10 ஓம் தடை ஒன்றின் வழியாகத் தொட வேண்டும், அப்போது முள் நிறைவைக் காட்ட வேண்டும். சுவிட்சின் மேல் சந்தேகம் இருந்தால், சுவிட்சுக்கு வரும் இரண்டு டேங்க் வயர்களையும் இடம் மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம். தவறு மறுபக்கத்துக்கு மாறிவிட்டால் அது டேங்க் பக்கத்துப் பழுது. இருந்த இடத்திலேயே இருந்தால் சுவிட்ச். பம்புக்கான மின்சாரமும் இதே சுவிட்ச் வழியாகப் போகும் வண்டிகளில் தொடுமுனைகள் சூடேறிக் கருகுவது புதிதல்ல. இந்த வேலைகளைத் திறந்தவெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, நெருப்புக்கு இடம் தராமல் செய்ய வேண்டும். டேங்குக்கு அருகில் இணைப்பைப் பிரிக்கும் முன்பும் சேர்க்கும் முன்பும் சாவியை அணைத்துவிட வேண்டும், முள்ளைப் பார்ப்பதற்கு மட்டும் போட்டால் போதும்.

முள் உண்மை சொல்லும் நேரம்

முள்ளைக் குறை சொல்பவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. சில நேரங்களில் முள் சரியாகவே காட்டிக்கொண்டிருக்கும்; பெட்ரோல்தான் இடம் மாறியிருக்கும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள எஞ்சினுக்குப் பம்ப் தேவைக்கு அதிகமாகவே பெட்ரோல் அனுப்பும்; மிஞ்சியது திரும்பும் குழாய் வழியாக, எடுத்த டேங்குக்கே வந்து சேர வேண்டும். 1990-களின் எஃப் வரிசையில் இரண்டு டேங்குக்குள்ளும் தனித்தனிப் பம்ப் இருந்தது. ஓடாத டேங்குக்குள் பெட்ரோல் போகாமல் தடுப்பது அங்கிருக்கும் வால்வின் பொறுப்பு. அந்த வால்வு பழுதானால் முன் டேங்கிலிருந்து எடுத்த பெட்ரோலில் ஒரு பகுதி பின் டேங்குக்குப் போய்விடும். ஓட்டுநர் பார்ப்பது என்ன? முன் டேங்க் ஓடிய தூரத்துக்குப் பொருந்தாமல் வேகமாகக் குறைகிறது. தொடாத பின் டேங்க் கூடியிருக்கிறது. கேஜ் கெட்டுவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பின் டேங்க் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் மிஞ்சிய பெட்ரோல் வெளியே வழியும். அது தீ அபாயம். இரட்டை டேங்க் எஃப் வரிசை லாரிகளை 1993-ல் ஃபோர்டு திரும்ப அழைத்துச் சரிசெய்ய நேர்ந்தது இந்தப் பழுதுக்காகத்தான். முள்ளை நம்பாதே என்று பழகிவிட்ட ஓட்டுநர் இந்த எச்சரிக்கையையும் சேர்த்தே புறக்கணித்துவிடுவார். இரண்டு டேங்கையும் பாதியளவில் வைத்து, ஒன்றிலிருந்து மட்டும் சற்றுத் தூரம் ஓட்டிவிட்டு மற்றதைப் பார்த்தால் உண்மை வெளிப்படும். ஓடாத டேங்கின் அளவு ஏறியிருந்தால் பார்க்க வேண்டியது வால்வை.

யோசிக்காமல் பாகத்தை மாற்றுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 10-லிருந்து 73 ஓம் வரையிலான யூனிட்டும் 16-லிருந்து 158 வரையிலான யூனிட்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பழைய வகைக் கேஜுக்குப் புதிய வகை யூனிட்டைப் பூட்டினால், முள் அசையும், ஏறும், இறங்கும். வேலை செய்வதாகவே தோன்றும். ஆனால் காலி டேங்கை நிறைவு என்று சொல்லும். வேலை செய்யாத கேஜைவிட, தவறாக வேலை செய்யும் கேஜ் கொடியது. விமானத்துறை இதற்குக் கொடுத்த விலை பெரிது. 2005 ஆகஸ்ட் 6-ம் தேதி இத்தாலியின் பாரி நகரிலிருந்து துனிசியாவின் ஜெர்பாவுக்குப் புறப்பட்ட டுனின்டர் நிறுவனத்தின் ஏடிஆர்-72 விமானம் எரிபொருள் தீர்ந்து சிசிலிக்கு அருகே கடலில் இறங்கியது. அதில் இருந்த 39 பேரில் 16 பேர் இறந்தார்கள். முந்தைய நாள்தான் அதன் எரிபொருள் கேஜை மாற்றியிருந்தார்கள். பொருத்தியது சிறிய ஏடிஆர்-42 விமானத்துக்கான கேஜ். அது கச்சிதமாகப் பொருந்தியது, எண்களும் காட்டியது, டேங்கில் இல்லாத எரிபொருளை இருப்பதாகச் சொன்னது. லாரி நின்றால் சாலையோரத்தில் ஒதுங்கலாம் என்பது உண்மை. ஆனால் பாடம் ஒன்றே: புதிய யூனிட்டைப் பூட்டும் முன் மிதவையைக் கையால் மேலும் கீழும் நகர்த்தி, மல்டிமீட்டரில் இரண்டு முனை எண்களையும் பார்த்து, கேஜின் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

கணக்கு மட்டும் போதுமா?

இத்தனை சோதனை எதற்கு, டிரிப் மீட்டரைப் பார்த்து மைல் கணக்கு வைத்தால் போதாதா என்பது இந்த லாரிக்காரர்களிடம் அதிகம் கேட்கும் மறுப்பு. இதில் நியாயம் உண்டு. தூரக் கணக்கு கேஜைச் சாராத தனிச் சாட்சி. அதை ஒவ்வொருவரும் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்புவது, ஒரு சாட்சியை விட்டுவிட்டு இன்னொரு சாட்சியிடம் சரணடைவது. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்டது. அதன் எரிபொருள் கேஜ்கள் வேலை செய்யவில்லை. ஆகவே டேங்கில் இருப்பதை அளவுகோலால் அளந்து கணக்குப் போட்டார்கள். தேவைப்பட்டது 22,300 கிலோ. ஆனால் லிட்டரை எடையாக மாற்றும்போது பவுண்டுக்கான எண்ணைப் பயன்படுத்திவிட்டார்கள். தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் ஏறியது. 41,000 அடி உயரத்தில் தீர்ந்துபோயிற்று. கேப்டன் பாப் பியர்சனும் துணை விமானி மாரிஸ் குவின்டாலும் அதை கிம்லி என்ற இடத்தில் கைவிடப்பட்ட விமானதளத்தில் இறக்கியதால் 69 பேரும் பிழைத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் அளந்து போட்ட கணக்கு அது. கேஜ் இல்லாதபோது கணக்கில் விழுந்த தவறைக் காட்டிக்கொடுக்க வேறு எதுவும் இல்லை என்பதுதான் அங்கே நடந்தது.

வேலை லாரியில் தூரக் கணக்கு தவற இன்னும் சாதாரணமான காரணங்கள் உண்டு. சரக்கு இல்லாமல் காலனுக்குப் பத்து மைல் தரும் வண்டி, கனமான டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேடேறும்போது ஆறு மைல் தரலாம். 18 காலன் டேங்குக்கு 180 மைல் என்று மனதில் வைத்திருந்தவருக்கு அன்று 108 மைலில் வண்டி நின்றுவிடும். வேலைத்தளத்தில் எஞ்சினை ஓடவிட்டபடி நிறுத்திவைத்தால் மைல் கூடாது, பெட்ரோல் குறையும். பெரிய வி-8 எஞ்சின் நின்ற இடத்திலேயே மணிக்கு அரை காலனுக்கு மேல் குடிக்கும். வண்டி ஒருவர் கையில் மட்டும் இருப்பதும் இல்லை. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் ஓட்டும் வண்டியில் ஒருவர் மனதில் இருக்கும் கணக்கு அடுத்தவருக்குத் தெரியாது. டேங்க் கசிந்தாலும் யாராவது உறிஞ்சி எடுத்தாலும் டிரிப் மீட்டர் சொல்லாது. இவற்றையெல்லாம் சொல்லக்கூடியது ஒழுங்காக வேலை செய்யும் முள் ஒன்றுதான்.

இரண்டு டேங்க் இருப்பதே இதற்குத்தானே, ஒன்று தீர்ந்து வண்டி திணறியதும் மற்றதற்கு மாற்றிக்கொள்ளலாமே என்று வேறு சிலர் கேட்பார்கள். கார்புரேட்டரும் எஞ்சினோடு இணைந்த மெக்கானிக்கல் பம்பும் இருந்த காலத்துக்கு அது ஓரளவு பொருந்தும். டேங்குக்குள் எலெக்ட்ரிக் பம்ப் வந்த பிறகு பொருந்தாது. அந்தப் பம்பைக் குளிரவைப்பதும் அதற்கு வழுவழுப்பைத் தருவதும் அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். டேங்கை வறண்டு போக விட்டால் பம்பின் ஆயுள் குறையும். அந்தப் பம்பை மாற்றும் செலவு, கேஜைச் சரிசெய்யும் செலவைவிட அதிகம். டீசல் எஞ்சினில் இன்னும் மோசம். 1988 முதல் 1994 வரை எஃப் வரிசையில் வந்த 7.3 லிட்டர் டீசல் எஞ்சின் காற்றை இழுத்துவிட்டால், குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றும் வரை எளிதில் ஸ்டார்ட் ஆகாது. போக்குவரத்து நிறைந்த நெடுஞ்சாலையில் டிரெய்லரோடு போகும்போது எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் உதவியும் போய்விடும். தீர்ந்த பிறகு மாற்றுவது என்ற பழக்கம், மிகவும் கெட்ட நேரத்தில் வண்டியை நிறுத்தும் பழக்கம்.

எதை முதலில், எதைக் கடைசியில்

பழைய வண்டிக்கு இவ்வளவு செலவு தகுமா என்ற கேள்விக்குப் பதில், வேலையின் வரிசையில் இருக்கிறது. செலவில்லாத சோதனை முதலில் வர வேண்டும். டேங்கைத் தொடும் வேலை கடைசியில் வர வேண்டும். முதல் நாள் சுவிட்சை மாற்றி மாற்றி இரண்டு டேங்கையும் ஒப்பிடுவது. அடுத்து இணைப்புகளையும் எர்த் போல்ட்டுகளையும் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்வது. பிறகு டேஷ்போர்டுப் பக்கம் பார்ப்பது. துருப்பிடித்த எர்த் ஒன்றே காரணமாக இருந்தால், ஒரு துண்டு உப்புத்தாளோடு வேலை முடிந்துவிடும். யூனிட்டைத்தான் மாற்ற வேண்டும் என்று உறுதியான பிறகும் வழி உண்டு. நிரம்பிய 70 லிட்டர் டேங்கில் பெட்ரோல் மட்டுமே 50 கிலோவுக்கு மேல் எடை. அதை அடியிலிருந்து இறக்குவது ஆபத்தான வேலை. ஆகவே டேங்கைக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, இரண்டு மூன்று பேர் சேர்ந்து பின் பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி, பெட்டியைத் தூக்கி மேலிருந்து டேங்கைத் திறப்பதை அங்கே பலர் விரும்புகிறார்கள். கிடைத்த சந்தர்ப்பத்தில் பழைய ரப்பர் குழாய்களையும் எர்த் வயரையும் புதிதாக்கிவிட்டால் அந்த உழைப்பு வீண்போகாது.

பழுதுபார்க்கும் வரை வண்டி நிற்கப்போவதில்லை. வேலைக்குப் போயாக வேண்டும். அதுவரை செய்யக்கூடியது, முள்ளுக்கு ஒரு மொழிபெயர்ப்பு எழுதிவைப்பது. டேங்கை ஏறக்குறையக் காலியாக்கி, 5 காலன் கேனால் சிறிது சிறிதாக நிரப்பி, ஒவ்வோர் அளவுக்கும் முள் எங்கே நிற்கிறது என்று குறிக்க வேண்டும். கேனில் பெட்ரோல் பிடிக்கும்போது லாரியின் பெட்டியில் வைக்காமல் தரையில் வைத்துப் பிடிக்க வேண்டும்; நிலைமின்சாரப் பொறி ஆபத்தானது. டேங்கின் உருவம் சீரானதல்ல, மிதவைத் தண்டும் வளைவாக நகர்வது. அதனால் நல்ல கேஜிலும் முள்ளின் பாதி என்பது டேங்கின் பாதியாக இருக்க வேண்டியதில்லை. இந்தக் குறிப்பை இரண்டு டேங்குக்கும் தனித்தனியாக எழுதி, யார் ஓட்டினாலும் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். பங்கில் ஒரு நேரத்தில் ஒரு டேங்கை மட்டும் நிரப்பி, எத்தனை காலன் பிடித்தது, எத்தனை மைல் ஓடியது, டிரெய்லர் இருந்ததா என்று எழுதினால், சில வாரங்களில் உண்மையான கணக்கு கைக்கு வரும். இரண்டு டேங்கும் ஒரே சமயத்தில் கால் அளவுக்குக் கீழே போக விடுவதில்லை என்ற கட்டுப்பாட்டையும் வைத்துக்கொண்டால், முள் தவறினாலும் கணக்கு தவறினாலும் மற்றொரு டேங்க் காப்பாற்றும். தினமும் இரண்டையும் நிரப்பிவைத்தால் போதுமே என்பவர்கள், வால்வு பழுதான வண்டியில் நிரம்பிய டேங்க்தான் வழியும் என்பதை மறக்கக் கூடாது.

இது பழைய வண்டிகளின் பிரச்சினை, புதிய வண்டிகளில் கம்ப்யூட்டரே மீதித் தூரத்தைச் சொல்கிறது என்பது கடைசி மறுப்பு. இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று திரை சொல்லும் எண்ணும், டேங்குக்குள் இருக்கும் ஒரு யூனிட் தரும் அளவிலிருந்து பிறப்பதுதான். யூனிட் தவறினால் கம்ப்யூட்டர் அந்தத் தவறையே அழகாகக் கணக்கிட்டுத் தரும். சில புதிய இரட்டை டேங்க் வண்டிகளில் இரண்டு டேங்கின் அளவையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டுகிறார்கள். பார்க்க வசதிதான், ஆனால் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சோதிக்கும் வழி ஓட்டுநரின் கையை விட்டுப் போய்விட்டது. தமிழ்நாட்டில் இத்தகைய பிக்கப்கள் அபூர்வம் என்றாலும், மிதவையும் மின்தடையும் எர்த்தும் இங்குள்ள வேன்களிலும் லாரிகளிலும் அதே வேலையைத்தான் செய்கின்றன. கேஜ் பாதி காட்டினாலும் டீசல் டேங்கில் குச்சி விட்டுப் பார்க்கும் லாரி ஓட்டுநர் செய்வதும் இதே விஷயம்தான்: ஒரு கருவி சொல்வதை, அதைச் சாராத இன்னோர் அளவால் சரிபார்க்கிறார்.

ஆகவே நம்ப முடியாத முள்ளோடு வாழப் பழகிக்கொள்வதைத் திறமை என்று எண்ண வேண்டாம். பழகிக்கொண்டவருக்கு மட்டுமே அது பயன்படும். சாவியை வாங்கிக்கொள்ளும் மகனுக்கோ, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கோ, வண்டியை விலைக்கு வாங்குபவருக்கோ அந்தப் பழக்கம் கைமாறாது. அவர்கள் முள் காட்டுவதைத்தான் நம்புவார்கள், நம்பவும் வேண்டும். அதற்காகவே அது அங்கே இருக்கிறது. கெட்டது எது என்று கண்டறியத் தேவைப்படுவது ஒரு சுவிட்ச், ஒரு மல்டிமீட்டர், ஓரிரண்டு மணி நேரப் பொறுமை. வண்டியைப் பிறர் கையில் கொடுக்கும் ஒவ்வொருவரும் அந்த நேரத்தைச் செலவிடக் கடமைப்பட்டவர்கள். இன்றே சரிசெய்ய முடியாவிட்டால், எந்த டேங்கில், எந்தப் பக்கம், எவ்வளவு தவறுகிறது என்பதையாவது எழுதி ஓட்டுநரின் கண்முன்னே ஒட்டிவிட்டுத்தான் சாவியைத் தர வேண்டும்.